ராணியின் கழுத்தில் அட்டியல்

அன்புள்ள அக்கா,

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், வேலை செய்கிற வீட்டிலிருந்து, கையில் தும்புத்தடியோடு, செருப்பில்லாமல் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையம் வரை ஓடினேன். பஸ்சுக்கு நின்ற எங்கட சனம் முழுக்கப் பார்த்தது. பலெர்மோவுக்கு இந்தக் கிழமை வேறு கதை தேவையில்லை.

அந்த வீட்டுச் சுவரில் ஜோசபீன் என்ற பழைய ராணியின் படம் இருக்கிறது. மிலானில் பிறந்து, நீங்கள் இருக்கிற நோர்வேக்கும் சுவீடனுக்கும் ராணியாகப் போனவ. அவவின் தங்கச்சி பிரேசிலுக்கு மகாராணி. தங்கச்சி சாகும்போது தன் நகைகளை அக்காவுக்கு எழுதி வைத்தாவாம். வீட்டுக்கார சிஞ்ஞோரா இதைச் சொல்லத் தொடங்கினால் நான் வாளித் தண்ணி மாற்றப் போய்விடுவேன்.

படத்தில் ராணிக்கு வெறுங்கழுத்து. மூன்று வருஷமாகத் துடைக்கிறவள், எனக்குத் தெரியாதா? அம்மாவின் திவசத்தன்று குனிந்து நிலம் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். ராணியின் கழுத்தில் அம்மாவின் அட்டியல். அதே சிவப்புக் கல், ஒரு கல் விழுந்த அதே ஓட்டை. நான் மூச்சு விட அதுவும் அசைந்தது.

"சிஞ்ஞோரா, ராணி நகை போட்டிருக்கிறா" என்றேன்.

"உனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது" என்றா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் பயத்தில்தான் ஓடினேன்.

இஞ்சை பிரான்காச்சோப் பக்கம் இருக்கிற என் சிநேகிதி தர்மிளா, "அது உங்கட அம்மாதான். என்னவோ கேக்கிறா" என்கிறாள். அந்த அட்டியல் எங்கே என்று கேட்டுத்தானே நீங்களும் ஏழு வருஷமாக என்னோடு கதைப்பதில்லை. தொலைந்துவிட்டது என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஒருக்கா இஞ்சை வாங்கோ. படத்தைப் பார்க்கத்தான்.

ஒன்று சொல்ல மறந்துபோனேன். படத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது. அன்றைக்கு, அம்மாவின் நினைவாக, சட்டைக்குள்ளே அட்டியலைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். குனிந்தபோது வெளியே வந்துவிட்டது.

உங்கள் தங்கச்சி