அனில் சொல்லிக்கொடுக்க வந்த வேலை

திருவனந்தபுரம்
9.6.2003

கர்த்தர் கிருபையில் சுகமாயிருக்கும் தங்கச்சி ரத்னாபாய்க்கு, அக்கா சுசீலாபாய் எழுதுவது.

இங்கே என் மகன் இன்னும் படுத்த படுக்கைதான். அவன் மகள் ஆர்ஷாவுக்கு டெக்னோபார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று, தன் எல்லா ஊர் ஆபீஸ் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்க இங்கே ஆபீஸ் திறந்திருக்கிறது. வேலை சொல்லிக்கொடுக்க அங்கிருந்து வந்தவன் யார் தெரியுமா? உன் மகன் அனில். "பாட்டி, அவரு நம்ம சித்தப்பாவாக்கும்" என்று ஆர்ஷா குதித்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். மீன்கறி தின்று காரத்தில் கண்ணீர் விட்டான். பெற்ற பிள்ளை இங்கே வருவதை ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. அதையும் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
சுசீலாபாய்

லெஸ்டர்
24.6.2003

அன்புள்ள அக்காவுக்கு,

வெட்கத்தில்தான் எழுதவில்லை. அனில் அங்கே சொல்லிக்கொடுப்பது அவன் பார்க்கிற வேலையைத்தான். ஆர்ஷா தேறிவிட்டாள் என்று அவன் சொல்கிற அன்று, இங்கே அவனுக்கு வேலை இல்லை. மருமகள் மாசமாக இருக்கிறாள். அக்கா, ஆர்ஷாவைக் கொஞ்சம் தப்பும் தவறுமாகச் செய்யச் சொல்லுங்கள். அந்த ஊர் சரிப்படாது என்று கம்பெனி வேலையை இங்கேயே வைத்துக்கொள்ளும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அனிலுக்குத் தெரிய வேண்டாம்.

ரத்னா

திருவனந்தபுரம்
2.8.2003

ரத்னா,

அம்மை சாகக் கிடந்தபோது வா என்று எழுதினேன். லீவு இல்லை என்றாய். அதே மாதிரி முடியாது என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. ஆர்ஷாவிடம் சொன்னேன். "அப்பாவுக்கு மருந்து யாரு வாங்குவா பாட்டி?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் நான் சொன்னபடி செய்தாள்.

கம்பெனி அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, மறுநாளே ஜெயஷீலா என்று இன்னொரு பிள்ளையை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. அனில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டான். உன் மகனுக்கும் வேலை போச்சு, என் பேத்திக்கும் போச்சு.

பிளேன் ஏறுமுன் வந்தான். "நல்லா செஞ்சிட்டிருந்த பிள்ளை பெரியம்மை, திடீர்னு என்னாச்சு? நான் சரியா சொல்லிக்கொடுக்கலியோ?" என்றான். ஆர்ஷா உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டாள்.

"அவளுக்கு மண்டையில ஏறல மக்கா. உன் குத்தம் இல்ல" என்றேன்.

அப்படியே அவன் நினைத்துக்கொள்ளட்டும். கேட்டது நீ என்று தெரிந்தால் அவன் தாங்கமாட்டான். நீயும் வாயைத் திறக்காதே. எனக்கு இனி எழுதவும் வேண்டாம்.

சுசீலாபாய்