ஆடிக் காற்றும் நம் வீட்டு ஃபேனும்

அன்பு மகளுக்கு,

இதை நானே எழுதுகிறேன். கை வலித்தால் நிறுத்தி, காபி குடித்துவிட்டுத் தொடர்கிறேன். முதியோர் கல்வி வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றதிலிருந்து, திருவானைக்காவல் பஸ் எது என்று யாரிடமும் கேட்பதில்லை. அந்தச் சந்தோஷம் சொல்லி முடியாது.

நேற்று அம்மாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினேன். ஆடிக் காற்றில் தெற்கே காற்றாலைகள் நன்றாகச் சுற்றுகின்றன, பகலில் சூரியத் தகடுகளும் சேர்ந்துகொள்வதால் நம் மாநிலத்தில் நிலக்கரியைக் குறைவாக எரித்தால் போதும் என்று போட்டிருந்தது.

"அப்ப ஸ்ரீரங்கத்துல நம்ம ஃபேனு என் பொண்ணு அனுப்புற கரண்ட்லதான் ஓடுதுன்னு சொல்லுங்க" என்றாள். காற்றாலை வேலை என்றால் நீ ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ பழுது பார்க்கக் காற்றாலை மேலே ஏறுவது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குக் கீழே இன்னொரு செய்தி. காற்றாலை உச்சியில் பழுது பார்க்க ஏறிய ஒருவரைப் பற்றியது. உன் வயதுதான்.

"கீழ என்ன போட்டிருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"வாழைத்தார் விலை" என்றேன். அதன் பிறகு எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை.

போனில் இதைக் கேட்க முடியாது, அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். காற்று பலமாக இருக்கும்போது ஏறச் சொன்னால், மாட்டேன் என்று சொல்வாய்தானே? பெரிய எழுத்தில் பதில் போடு. நானே வாசித்துக்கொள்வேன்.

ஆள் இல்லாத அறையிலும் அம்மா ஃபேனை ஓடவிடுகிறாள். கேட்டால், "ஓடட்டும், புள்ள அனுப்புனது" என்கிறாள். அவள் கொல்லைப்பக்கம் போனதும் நான் போய் நிறுத்திவிடுகிறேன். உனக்கு ஒரு தடவை ஏறுவதாவது குறையட்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அப்பா