மண்மேட்டில் மினுங்கிய எண்ணெய்

பெப்ரவரி 7, சனி. மடுல்சீமை.

மழை இல்லை. பனி மட்டும். பஸ் பாதி வழியோடு சரி, மிச்சம் நடை. செருப்பு வார் அறுந்தது.

அம்மா இப்போது தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், சித்தி வீட்டில். எங்கள் லயம், வரிசை வீடுகள் மொத்தமும், போன மழைக்கால மண்சரிவில் போய்விட்டது. புதைந்த மற்ற எல்லாரையும் எடுத்துவிட்டார்கள். அப்பா மட்டும் கிடைக்கவில்லை. அம்மா இன்னும் பொட்டு வைக்கிறாள். யாரும் எதுவும் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டு செல்வம் அண்ணன் வந்தார். "தங்கச்சி, சரிஞ்ச மண்மேட்டுக்கு அடியில தண்ணி கசியுது. மேல எண்ணெ மினுங்குது. பெட்ரோலா இருக்குமா? நீ படிச்சது அதுதானே?"

சிரிப்பு வந்தது. இந்த மலை வெந்து இறுகிய பாறை, இதில் எண்ணெய் பிறக்காது. இரும்புத் துருப் படலமாக இருக்கும். குச்சியால் தொட்டால் கண்ணாடி மாதிரி உடையும்.

அம்மாவும் கூட வந்தாள். தொட்டேன். உடையவில்லை. விலகி, மறுபடி கூடியது.

போத்தலில் கொஞ்சம் எடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாறைக்குள்ள கெடந்த எண்ணெயப் பாத்து அதோட வயசச் சொல்லுவேன்னியே. அப்பா எங்க இருக்காருன்னு சொல்ல முடியாதா?"

போத்தலை இறுக்கி மூடினேன்.

பெப்ரவரி 10, செவ்வாய். கொழும்பு, ஆய்வுகூடம்.

வெக்கை. காலையில் மன்னார்க் கடலடிப் பாறைத் துண்டு. ஓலியனேன் தெளிவாக. பூக்கும் செடிகளிலிருந்து வரும் மூலக்கூறு. ஆகவே, உலகில் பூ வந்த பிறகு படிந்த பாறை. செடி எப்போதோ போய்விட்டது, இது மட்டும் இருக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்ப்பு.

பிறகு போத்தல். என் மேற்பார்வையாளர், யாழ்ப்பாணத்து அம்மா, திரையை நோக்கிக் குனிந்தார்.

"இது பெட்ரோலியம் இல்லைப் பிள்ளை. கொழுப்பமிலம். கொலஸ்ரோல் அப்பிடியே இருக்கு."

பழைய எண்ணெயென்றால் கொலஸ்ரோல் எப்போதோ உருமாறியிருக்கும். இது புதிது. செடியுடையதும் அல்ல, உடலுடையது.

"எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

சொன்னேன். என் தோளில் கை வைத்தார். "ஏதும் மிருகமாயும் இருக்கலாம்."

ஆமாம். மாடாக இருக்கலாம். அன்றைக்கு அப்பா போனதே கொட்டகையில் மாட்டை அவிழ்க்கத்தான். கொட்டகை ஆற்றோடு போய்விட்டதென்று எல்லாரும் கீழேதான் தேடினோம்.

பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் தலையில் எண்ணெய் மினுங்கியது. இறங்கிவிட்டேன்.

பெப்ரவரி 14, சனி. மடுல்சீமை.

வெயில். செல்வம் அண்ணனும் இன்னும் சிலரும் மண்வெட்டியோடு. கசிவுக்கு நேர் மேலே தோண்டச் சொன்னேன். காரணத்தை அம்மா கேட்கவில்லை.

முதலில் மாடு. கழுத்தில் கயிறு இல்லை. அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

அப்படியானால் பக்கத்தில்தான்.

மத்தியானம் அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மண்ணை விலக்கத் தொடங்கினார். "தங்கச்சி, நீ அங்கிட்டுப் போ."

போகவில்லை. அப்பாவின் நீல ஸ்வெட்டர்.

பெப்ரவரி 15, ஞாயிறு.

அப்பா பதுளை ஆஸ்பத்திரியில். பிரேதப் பரிசோதனை முடித்து நாளைக்குத்தான் தருவார்களாம். சித்தி வாசலைக் கூட்டிக்கொண்டே இருக்கிறாள். அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ஒடனே போயிட்டாரா? இல்ல, மண்ணுக்குள்ள கெடந்து கெடந்து போனாரா?"

கோடிக்கணக்கான வருஷத்தைச் சொல்லும் மூலக்கூறுகள் எனக்குத் தெரியும். இதைச் சொல்லும் ஒன்றும் தெரியாது.

"ஒடனேதாம்மா."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்புடு."