மாதிரி மூன்று

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதக்கூட மனசு ஓடவில்லை. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தப்புப் பண்ணிவிட்டேன்.

குறைமாதக் குழந்தைகளுக்கான நம் பால் கணக்கு நிரலில், ஒரு நாள் பாலைப் பன்னிரண்டு வேளைக்குப் பிரிக்க வேண்டிய இடத்தில் எட்டு வேளைக்குப் பிரித்துவிட்டேன். கொசுப் பயல் இடுப்பில், லேப்டாப் சமையல் மேடையில். சோதனை ஓடி முடியக்கூடக் காத்திருக்காமல், மருத்துவமனைகள் எடுத்துப் பயன்படுத்தும் மூலத்தில் நேராக ஏற்றிவிட்டேன். மறுநாள் எங்கேயோ ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து நர்ஸ் ஒருவர் எழுதுகிறார்: "ஒரு கிலோ இருநூறு கிராம் குழந்தைக்கு ஒரு வேளைக்கு இருபத்திரண்டரை மில்லி காட்டுதேம்மா, பதினஞ்சுதானே வரணும்? நல்லவேளை, குடுக்கறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன்." பார்த்துவிட்டார். பார்க்காமல் போயிருந்தால்?

அதனால் ஒரு ஏற்பாடு. இனி நீங்களும் நானும் மூலத்தில் நேராகக் கை வைக்க வேண்டாம். மாற்றத்தைத் தனியாக எழுதி, "இதைச் சேர்க்கலாமா" என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோம். அடுத்தவர் வரி வரியாகப் படித்து அனுமதித்தால்தான் அது சேரும். தன் மாற்றத்தைத் தானே அனுமதிக்க முடியாதபடி பூட்டும் போட்டுவிட்டேன். எனக்கும் சேர்த்துத்தான். எனக்குத்தான் முக்கியமாக.

"எலி ஓடினா புலி வந்த மாதிரி கத்துற" என்கிறார் வீட்டுக்காரர். கொசுவுக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. இரண்டையும் என் தோளில்தான் பரீட்சை பார்க்கிறான்.

அன்புடன்,
கொசு அம்மா

மார்ச் 6

கொசு அம்மாவுக்கு,

பூட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது நோட்டைத் திருத்திவிட்டு வந்து உன் நோட்டையும் திருத்த வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. ஆனால் ஏற்பாடு சரிதான். எந்த வகுப்பில் எவன் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்கிறான்?

ஒரே நிபந்தனை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. 'சும்மா சரி பண்ணினேன்' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அந்த நர்ஸ் பார்த்துவிட்டார், அதோடு விடு. நடக்காததற்கே இப்படி அழுதால் நடந்ததற்கு என்ன செய்வாய்?

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மீது ஒரு சின்னப் புகார். இரண்டு மாதமாக எதை அனுப்பினாலும் மறுநாளே பார்த்துவிடுவீர்கள். கமா ஒன்று தள்ளி இருந்தால்கூட "இது என்னடி" என்று கேட்பீர்கள். இப்போது ஒன்பது நாளாக என் ரிக்வெஸ்ட் அப்படியே கிடக்கிறது. அனுமதியும் இல்லை, திட்டும் இல்லை. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டீர்களா? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பெரிய வேலையே இல்லை அக்கா. நிரல் ஒழுங்காகக் கணக்குப் போடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்கிறோமே, அதற்கு வைத்திருக்கும் மாதிரிக் குழந்தைகளின் எடைகளைத்தான் சுத்தம் செய்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர், முகம் தெரியாது, "மாதிரி மூன்று என்ன இப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எடை இறங்கிக்கொண்டே போகிறது, பதினேழாம் நாளோடு நின்றுவிடுகிறது. மற்றவை எல்லாம் நாற்பது நாள். யாரோ அரைகுறையாகத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு அழகாக ஏறுகிற எண்களாகப் போட்டிருக்கிறேன். காரணம் ஒரு வரியில் எழுதியும் இருக்கிறேன்: 'பயனற்ற பழைய மாதிரி நீக்கம்.'

கொசு நேற்று எதையும் பிடிக்காமல் நின்றான். எண்ணி நான்கு நொடி. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அன்புடன்,
கொசு அம்மா

மே 14

தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாதிரி மூன்றைத் தட்டியது நான்தான். அரைகுறையாக இல்லை. அவ்வளவுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் காலில் தொங்கிய அட்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் என் டைரியில் எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் ஆயிரத்து எண்பது. பதினேழாம் நாள் எண்ணூற்றுத் தொண்ணூறு. என் பொண்ணுக்குப் பேர் வைக்கவில்லை. வீட்டுக்குப் போய் வைக்கலாம் என்றிருந்தோம். அதனால் 'மாதிரி மூன்று' என்று போட்டேன். நீயும் கொசுவோடு பக்கத்துக் கட்டிலில்தானே இருந்தாய், தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

உன் மேல் தப்பில்லை. முன்பு போல நேராக ஏற்றிக்கொண்டிருந்தால் நீ அழித்திருப்பாய், எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இப்போது முறைப்படி என் கைக்கு வந்திருக்கிறது. சிவப்புக் கோடு போட்டு, பதினேழு வரி, பக்கத்தில் 'பயனற்ற'. பன்னிரண்டு நாளாக ராத்திரி வேலை முடித்துவிட்டுத் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். சரி என்று அழுத்தவும் கை வரவில்லை, வேண்டாம் என்று அழுத்தவும் கை வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்ன? பல், நிற்பது, நான்கு நொடி எல்லாம் நீ எழுதுகிறாய். நல்லா இருக்கட்டும். ஆனால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது.

அக்கா

மே 14

அக்கா,

ரிக்வெஸ்ட்டை மூடிவிட்டேன். ஒரு வரியும் அழியவில்லை, மூலத்தில் இருந்தபடியே இருக்கிறது.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. 'அழகாக ஏறுகிற எண்கள்' என்று உங்களுக்கே எழுதியிருக்கிறேனே.

தெரிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன். உங்கள் பக்கம் திரும்பினால் அது எங்களையும் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குப் பயம். பதினெட்டாம் நாள் காலையில் உங்கள் கட்டிலை நர்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கொசுவின் துணியை மடித்தேன். மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தேன். வராந்தாவில் நீங்கள் என்னைக் கடந்து போனபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து நீங்களாக வந்து "இந்தக் கணக்கை கைல போட்டு நர்ஸுங்க படற பாட்டைப் பார்த்தோமே, ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டபோது, மன்னித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். கேட்கவே இல்லை.

அவளுக்கென்று தனிக் கோப்பு வைக்கட்டுமா? பூட்டி வைக்கிறேன், யாரும் தொட முடியாது. இனி அவனைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன். பதில் மட்டும் போடுங்கள்.

உங்கள் தங்கை

மே 28

தங்கச்சிக்கு,

தனிக் கோப்பு வேண்டாம். பூட்டும் வேண்டாம்.

நீ ஒரு எழுத்தை மாற்றி அனுப்பினாலும் சோதனை ஓடும். அவள் பதினேழு நாளையும் மறுபடி படித்துவிட்டுக் கடைசியில் 'சரி' என்று பச்சை காட்டும். அதைப் பார்க்கத்தான் உன் கமாவைக்கூட விடாமல் திருத்தினேன். ஒரு வருஷமாக நாளுக்கு நாலு தடவை அவளைத் தூக்கி எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். போதும். அவளும் தூங்கட்டும், நானும் தூங்குகிறேன்.

நானே ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறேன். இரண்டு மாற்றம். மாதிரி மூன்று நீக்கம். திருத்துகிறவர்கள் பட்டியலில் என் பேர் நீக்கம். என் இடத்தில், உன் இருபத்திரண்டரையைப் பிடித்தாரே, அந்த நர்ஸைப் போட்டிருக்கிறேன். எழுதிக் கேட்டேன், ஒப்புக்கொண்டார். கண் கூர்மையான ஆள். காரணம் ஒரு வரியில் எழுத வரவில்லை. அதற்காகத் திருப்பி அனுப்பாதே.

என் மாற்றத்தை நானே அனுமதிக்க முடியாது. நீ போட்ட சட்டம். நீதான் பார்க்க வேண்டும். அவசரத்தில் அழுத்தாதே, வரி வரியாகப் படி.

கொஞ்ச நாள் எழுத மாட்டேன். நீயும் கேட்காதே. கோபம் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்குப் பதில் வேண்டாம்.

ஐந்து நாளாகத் திறந்து மூடினேன். இன்றைக்கு வரி வரியாகப் படித்தேன், வாய்விட்டு. ஒன்பதாம் நாள், தொள்ளாயிரத்து அறுபது. அங்கே நின்றுவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் முகம் கழுவப் போயிருந்தீர்கள். உங்கள் பக்கம் திரும்பவே பயம் என்று எழுதினேன் அல்லவா, அந்த ஒரு தடவை திரும்பினேன். அவள் கொட்டாவி விட்டாள். இத்தனூண்டு வாயைத் திறந்து, பெரிய மனுஷி மாதிரி, நிதானமாக. முடித்துவிட்டு உதட்டை ஒரு தடவை சப்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் வந்ததும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்த அட்டையில் அது ஏறவில்லை, உங்கள் டைரியிலும் இருக்காது. எழுதிக்கொள்ளுங்கள்.

அனுமதித்துவிட்டேன், அக்கா.

உங்கள் தங்கை