ஒன்பதாம் இலக்கச் சேட்

இல்ஃபோர்ட்
3.3.2025

அன்புள்ள மகள் சுவர்ணாவுக்கு,

நீ மொரோக்கோவுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்ததை உன் கம்பனியில் கேட்டுத்தான் அறிந்தேன். ஆறு தரம் போன் அடித்தும் நீ எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வெட்ட ஏலாது.

நடந்ததை நிதானமாக யோசித்துப் பார். வெள்ளிக்கிழமை காலமை நீ பயணச் சாமான் வாங்கப் போய்விட்டாய். கதிரையில் ஒரு ஆம்பிளைச் சேட் கிடந்தது. சேறு, இரத்தம் மாதிரி ஒரு கறை, பதினொரு கிழிசல், முன்பக்கம் பூட்டுகிற தெறியில் இரண்டு இல்லை. உன்னோடு வேலை செய்கிற யாரோ ஒரு கஷ்டப்பட்ட பெடியன் தைக்கத் தந்திருக்கிறான் என்று நினைத்தேன். கறை லேசில் போகவில்லை. மூன்று தரம் தோய்த்தேன். காயவைத்து, இழைக்கு இழை எடுத்துக் கிழிசல்களை மூடினேன். கொன்வென்டில் சிஸ்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் எங்கள் தையலுக்குப் புள்ளி போடுவார். எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை. அயர்ன் பண்ணி மடித்தும் வைத்தேன்.

பின்னேரம் வந்து பார்த்துவிட்டு நீ, “இனி இந்த வீட்டில் இருக்க ஏலாது” என்றாய். உடுப்புத் தோய்த்த குற்றத்துக்குத் தாயை விட்டுப் போன பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. அப்பா இருந்திருந்தால் நடுவில் நின்று ஏதாவது சொல்லியிருப்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா
கமலேஸ்வரி


மொரோக்கோ
10.3.2025

அம்மாவுக்கு,

அது எந்தப் பெடியனுடைய சேட்டும் இல்லை. எங்கள் படத்துக் கதாநாயகனுடையது. இந்த வரிசையில் இது நாலாவது படம். படம் முழுக்க அவர் ஒரே சேட்டோடு திரிகிறார் என்று சனம் நினைக்கிறது. எங்களிடம் பதினாலு இருக்கின்றன. முதலாவது புதுசு, பதினாலாவது கந்தல். இடையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை, ஒரு ஆறு, ஒரு விழுகை. அவற்றைக் கிழிப்பதும் ஊத்தையாக்குவதும் என் வேலை.

ஒன்பதாவது சேட்டோடு அவர் கிணற்றுக்குள் விழுவதை லண்டனில் எடுத்து முடித்துவிட்டோம். வெளியே ஏறிவருவதை இங்கே 27ஆம் திகதி எடுக்கவேண்டும். விழுந்தவர் அயர்ன் பண்ணிய சேட்டோடா ஏறி வருவார்?

கையிலேயே கொண்டுபோகலாம் என்று அதை வீட்டுக்கு எடுத்துவந்தது என் பிழை. அப்படிச் செய்யக்கூடாது. இப்போது அது லண்டன் ஸ்டூடியோவில், எங்கள் பகுதிக்குப் பொறுப்பான லெஸ்லியிடம் இருக்கிறது. அது சரிவராவிட்டால் அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

தோய்த்ததற்காக நான் கோபிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். நீங்கள் சொந்தக்காரருக்கு என்னை ‘டிசைனர்’ என்கிறீர்கள். என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு தரம் கேட்டிருந்தால் அந்தச் சேட்டைத் தொட்டிருக்கமாட்டீர்கள். லண்டன் திரும்பினதும் தனியாக இருக்க, பிளேஸ்டோவில் ஒரு அறை பார்த்திருக்கிறேன்.

சுவர்ணா


இல்ஃபோர்ட்
20.3.2025

அன்புள்ள சுவர்ணாவுக்கு,

உன் கடிதம் கண்ட பிறகு திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்குப் போனேன். வாசலில் ஒரு மணித்தியாலம் இருந்து லெஸ்லியைச் சந்தித்தேன். “என் மகளில் பிழையில்லை. தோய்த்தவள் நான்” என்றேன்.

அவர், “நீங்கள்தானா? இரண்டு கிழமையாகக் கிழிசலைத் தேடுகிறோம். போட்டோவில் பதினொன்று இருக்கிறது, சேட்டில் ஒன்றுமில்லை. எங்கே ஒளித்தீர்கள்?” என்று கேட்டார். மூன்று பேர் விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தும் அகப்படவில்லையாம். அது சந்தோஷப்படுகிற நேரம் இல்லைத்தான். பட்டேன்.

என் தையல் எனக்குத் தெரியும். நாலு நாள் போய், ஊசியால் இழை இழையாகப் பிரித்துக் கொடுத்தேன்.

சுவர் முழுக்க உன் ஒன்பதாம் சேட்டின் போட்டோக்கள். கிணற்றுக் கல்லில் கதாநாயகன் இடது பக்கமாகச் சறுக்குகிறார். அந்த முழங்கையில் மட்டும் நூல் வெளியே சுருண்டிருக்கிறது. பை கொழுவுகிற தோள் தேய்ந்திருக்கிறது. மூன்று நாள் வெயில் முதுகில் பட்டதால் முதுகு வெளிறியிருக்கிறது. உன் கையால் ஒரு நூல்கூடச் சும்மா அறவில்லை. எனக்குப் புள்ளி போட்ட சிஸ்டர் இதைப் பார்த்திருந்தால் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்திருப்பார்.

உன்னோடு வேலை செய்கிற விதுஷா, துணியைக் கந்தலாக்க நீங்கள் பாவிக்கிற சீஸ் துருவியையும் ஒரு பழைய துணியையும் தந்து, “அன்ரி, நீங்களும் ஒருக்கால் தேய்ச்சுப் பாருங்கோ” என்றாள். அரை நாள் தேய்த்தேன். “அன்ரி, இது கிணத்துக்கை விழுந்த மாதிரி இல்லை, கதவிலை கொழுவின மாதிரி இருக்கு” என்று சிரித்தாள். பிள்ளை சொன்னது சரி. உன்னைப் போல் கிழிக்க எனக்கு ஏலாது. இந்த வசனத்தை எழுத எனக்குக் கனநேரம் எடுத்தது.

மற்றதெல்லாம் அவர்கள் முடித்துவிட்டார்கள். கழுத்துப் பட்டியின் வியர்வைக் கறையை மட்டும் லெஸ்லி ஒருவரையும் தொடவிடவில்லை. “அது சுவர்ணாவால்தான் ஏலும்” என்றார். சேட் இந்தக் கடிதத்தோடு வருகிறது.

நேற்று எட்மண்டன் மாமி போன் எடுத்து, “டிசைனர் மகள் எப்ப வாறா?” என்றார். “அவ டிசைனர் இல்லை மச்சாள். நல்ல சேட்டைக் கிழிக்கிறவ” என்றேன். சிரித்தார். “சிரியாதையும். நான் செய்து பார்த்தனான், லேசில்லை” என்றேன்.

அறை விஷயம் உன் விருப்பம்.

அம்மா


மொரோக்கோ
28.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றுப் படம் பிடித்தாயிற்று. அவர் கிணற்றால் ஏறி வந்ததும், முன்னுக்குப் பின் பொருந்துகிறதா என்று பார்க்கிறவர் லண்டன் போட்டோவையும் சேட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். எங்கள் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அடுத்த படத்துக்கு லெஸ்லி என் பெயரைப் போட்டுவிட்டார்.

கழுத்துக் கறை போடும்போது கிழிசல்களை எண்ணினேன். பத்துத்தான் இருந்தது. இடது கமக்கட்டுக்குக் கீழே ஒன்றை நீங்கள் பிரிக்கவில்லை. மறந்தீர்களோ, வேணுமென்று விட்டீர்களோ, கேட்கமாட்டேன். அந்த இடம் கமராவில் விழாது. தேடிப் பிடிக்கவே எனக்கு ஒரு பின்னேரம் போனது. கண்டுபிடித்த பிறகு வெட்ட மனம் வரவில்லை. அதோடுதான் அவர் ஏறி வந்தார்.

பிளேஸ்டோ அறையை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன். பெட்டியில் ஐந்து கிழமை ஊத்தை உடுப்பு இருக்கிறது. எல்லாம் என்னுடையவை.

மகள்
சுவர்ணா