எழுத்தில் வராத முறைப்பாடு

அன்புள்ள அண்ணைக்கு,

கனடாவிலிருந்து நீங்கள் சொல்லும் ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எங்கள் மில்லில் வேலை செய்யும் கஜானி முறைப்பாட்டை எழுத்தில் தந்தால்தான் விசாரிக்கலாமாம். மேற்பார்வையாளர் தயாபரன் தன்னைக் களஞ்சிய அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார் என்று அவள் என் முன்னால் நின்று அழுதாள். இதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்? தயாபரன் அண்ணியின் தம்பி என்பது எனக்கும் தெரியும். அதை நீங்கள் கொஞ்சம் மறந்தால் நல்லது.

பிறகு அவள் வேலைக்கு வரவேயில்லை. நேற்று மருதனார்மடத்தில் அவள் வீட்டுக்குப் போனேன்.

"எழுதித் தந்தா ஊர் முழுக்கக் கதைக்கும் அக்கா. உங்களிட்டைச் சொன்னது காணாதோ?" என்று கேட்டாள்.

"காணும், அதுவே போதும். இனி நான் பாக்கிறன்," என்றேன்.

இன்று காலை தயாபரனைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை மில்லுக்கு வர வேண்டாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அத்தானைக் கேட்டனீங்களோ?"

"இஞ்சை மில்லை நடத்திறது நான். திறப்பைத் தாங்கோ."

சாவிக்கொத்தைத் தந்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை வெளியிலிருந்து ஒரு பெண் சட்டத்தரணி விசாரிக்க வருகிறார். கஜானி அவரிடம் வாயால் சொன்னால் போதும். தயாபரன் சொல்வதையும் அவர் கேட்பார். நீங்கள் மறித்தாலும் விசாரணை நடக்கும்.

கஜானி சொல்லி முடித்த பிறகு நானும் சொல்ல இருக்கிறேன். போன வருடம் அதே அறையில், அதே ஆள். அதை என்னாலும் எழுத முடியவில்லை, அண்ணை.

கோபம் ஆறாத
உங்கள் தங்கச்சி