பறவை பறந்ததை நம்பி நாக்குப் பயிற்சியை நிறுத்தினது பத்தி

அனுப்புநர்:
ஏலக்காரர் சம்சாரம்,
காய்கறி மார்க்கெட் பின்தெரு.
(நான் சொல்லச் சொல்ல எழுதினது பக்கத்து வீட்டு தையல்காரம்மா.)

பெறுநர்:
கண்காணிப்பாளர் ஐயா அவர்கள்,
பெரிய ஆஸ்பத்திரி.

பொருள்: கம்ப்யூட்டர் விளையாட்டுல ஜெயிச்சுட்டார்னு என் வீட்டுக்காரரைப் பயிற்சியிலேர்ந்து நிறுத்தினது – திரும்பச் சேர்க்கக் கேட்டு.

மரியாதைக்குரிய ஐயா,

1. என் வீட்டுக்காரர் மார்க்கெட்ல ஏலம் கூறுறவர். தக்காளிப் பெட்டி மேல ஏறி நின்னார்னா மூச்சு விடாம விலை சொல்லுவார். பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்கப்பாகிட்ட ஏலம் கூறுற மாதிரிதான் பேசினார்னு எங்கண்ணன் இன்னும் கிண்டல் பண்றார். அது கிடக்கட்டும். போன மழைக்காலத்துல பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. கை கால் திரும்பிருச்சு. நாக்கு மட்டும் மரக்கட்டையாட்டம் கிடந்துச்சு. பேச்சு குழறுது, தண்ணி குடிச்சா புரையேறுது.

2. உங்க ஆஸ்பத்திரில பேச்சுப் பயிற்சியம்மா ஒருத்தங்க இருந்தாங்க. ஒரு ரப்பர் குமிழை வாயில வைப்பாங்க. அதை நாக்கால மேலண்ணத்தோட சேர்த்து அமுக்கணும். அமுக்கினா கம்ப்யூட்டர்ல பறவை மேல போகும், விட்டா கீழ விழும். பறவைன்னு சொன்னாங்க, எனக்கென்னமோ கோழியாத்தான் தெரிஞ்சுது. அந்தம்மா அவர் தாடையில விரலை வச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. எதுக்குன்னு அப்ப நான் கேக்கல.

3. அப்புறம் அவங்களை வேற ஊருக்கு மாத்திட்டீங்க. இப்ப இருக்கிற டெக்னீஷியனைக் குறை சொல்ல மாட்டேன், எல்லா மிஷினையும் ஒத்தை ஆளா பாக்கறார். பக்கத்து மிஷின்ல சலூன்காரர் ஒருத்தர், அவருக்கும் இதே சீக்கு. ரெண்டு பேருக்கும் பேச்சு வரல, போட்டி மட்டும் வந்துருச்சு. தன் பறவை மேல போனா அந்த மனுஷன் எங்காளைப் பாத்து புருவத்தை ஒரு தூக்கு தூக்குவார். ஏலத்துல வளர்ந்தவர் பொறுப்பாரா? கொஞ்ச நாள்ல இவர் பறவை இறங்கவேயில்ல. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

4. கடைசிக் கட்டம் தாண்டினதும் குணமாயிருச்சுன்னு மிஷினே காட்டுச்சாம். எல்லாம் முடிச்சவங்க அடுத்தவங்களுக்கு இடம் விடணும்னு உங்க உத்தரவு. நியாயம்தான், வெளிய அத்தனை பேர் காத்துக்கிடக்காங்க. ஆனா போன வாரம் மாத்திரைக்கு ஒரு மடக்குத் தண்ணி குடிச்சவருக்குக் கண்ணு சொருகி உதடு நீலமாயிருச்சு. முதுகுல தட்டித் தட்டி என் கையே மரத்துப்போச்சு. மூச்சு வந்ததும் என் விரலை எடுத்துத் தன் தாடையில வச்சு, பல்லை நறுக்குனு கடிச்சுக் காட்டினார். தாடை இறுகினது விரல்ல தெரிஞ்சுது. குமிழை நாக்கால அமுக்காம பல்லால கடிச்சே பறவையைப் பறக்க விட்டிருக்கார். மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அந்தம்மா எதுக்கு விரல் வச்சாங்கன்னு அப்பத்தான் விளங்குச்சு.

5. மறுநாளே வந்து கேட்டேன். "ஜெயிச்சவரை எப்படிம்மா மறுபடி சேர்க்கறது?"ன்னு கவுன்டர்ல சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல ஐயா. இப்பல்லாம் அவர் தம்ளரை எடுத்தாலே நான் போட்டது போட்டபடி ஓடிவந்து அவர் முதுகுப்பக்கம் நின்னுக்கறேன்.

6. அதனால தயவுபண்ணி அவரை முதல் கட்டத்துலேர்ந்து திரும்பச் சேர்க்கணும். தோத்தா தோத்துட்டுப் போறார், நாக்கு அசைஞ்சா போதும். தாடையில விரல் வைக்க ஆள் இல்லைன்னா எனக்குக் கத்துக்குடுங்க, நானே உட்கார்றேன்.

7. இன்னொண்ணு. இதை எழுதச் சொன்னது என் வீட்டுக்காரர், குழறிக் குழறிச் சொல்லி முடிக்க ரொம்ப நேரமாச்சு. அந்த சலூன்காரரும் புதன்கிழமை ஜெயிச்சுட்டாராம், வீட்டுக்கு அனுப்பிட்டீங்களாம். அவரும் பல்லாலதான் கடிச்சார்னு இவர் சொல்றார். அவரை முதல்ல கூப்பிடுங்க ஐயா. அவருக்கு வீட்ல முதுகு தட்ட ஆள் கிடையாது.

இடம்: மார்க்கெட் பின்தெரு
தேதி: 14, வெள்ளிக்கிழமை காலை

இப்படிக்கு,
உங்க பதிலுக்குக் காத்திருக்கும்
ஏலக்காரர் சம்சாரம்
(இடது பெருவிரல் ரேகை)